சின்னி ஏன் தண்ணீரை அளைகிறது

1911 ஆகஸ்டு 8, செவ்வாய்

நமுனுகுல மலைப்பக்கமிருந்து காலை முழுவதும் வறட்டுக் காற்று. மலை ஊற்றுப் பீலியில் தண்ணீர் நூலாக விழுகிறது. தேயிலைத் தோட்டத்து மருந்துச்சாலையில் கூட்டம். பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு. கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது.

வீட்டில் பூனை சின்னி மறுபடியும் தன் தண்ணீர்ச் சட்டியைக் கவிழ்த்திருக்கிறது. குடிப்பதில்லை, முன்னங்காலை விட்டு அளைகிறது. ரோசம்மாவின் தம்ளரையும் விடவில்லை. தண்ணீர் தூக்கிவரும் செல்லாயிக்குக் கோபம்:

"பீலில அவ்வளவு நேரம் நிக்கிறேங்க ஐயா. இது ஒரு நிமிசத்துல கொட்டிருது. எங்க லயத்து வீட்டுப் பக்கம் விட்டுருங்க."

ரோசம்மா போர்வையை இழுத்துக்கொண்டாள். பிள்ளை பிறந்து, அன்றே போய், இன்றோடு இருபது நாள். சுவர்ப்பக்கம் திரும்பியே படுக்கை. ஊருக்கெல்லாம் மருந்து கலக்குகிறேன். என் மனைவிக்கு என்ன கொடுப்பதென்று தெரியவில்லை.

9, புதன்

செய்தவை:
– பழைய சட்டிக்குப் பதில் கல்சட்டி. கனம். வாய் அகலம், மீசை இடிக்காது.
– சோற்றுத் தட்டுப் பக்கத்திலிருந்து கதவு மூலைக்கு.
– விளிம்பு வரை தண்ணீர். மட்டம் தெரியாமல்தான் காலை விட்டுப் பார்க்கிறதோ?

கவிழவில்லை. ஆனால் கட்டிலடியில் மட்டும் ஈரம். அதட்டினேன். அலமாரிக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. அப்புறம் மனசு கேட்கவில்லை. கருவாட்டுத் தலை ஒன்று.

11, வெள்ளி

மருந்து அலமாரிச் சாவியை மறந்து, பதினொரு மணிக்கு வீட்டுக்கு. வாசலிலேயே நின்றுவிட்டேன்.

ரோசம்மா ஒருக்களித்துப் படுத்து, தம்ளரில் விரலை நனைத்து, கட்டிலுக்குக் கீழே சொட்டுச் சொட்டாக விடுகிறாள். சின்னி ஒவ்வொரு சொட்டாகத் தட்டுகிறது. அவள் முகத்தில் சிரிப்பு.

என்னைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டாள்.

"அத வையாதீங்க. நாந்தான் பழக்கினேன்."

"எதுக்கும்மா?"

"நீங்க போனா பகல் முழுக்க அதுவும் நானுந்தான். சும்மா கிடக்கிற தண்ணிய அது சீந்தாது. அசைஞ்சாத்தான் ஓடி வருது."

இத்தனை நாளில் அவள் இவ்வளவு பேசியது இன்றுதான். கட்டில் ஓரத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நோயாளிகள் திட்டியிருப்பார்கள்.

12, சனி

புது ஏற்பாடு, எல்லாம் அவள் சொன்னது. தம்ளருக்கு மூடி. சின்னி தண்ணீரை அளைய வந்தால் அதட்டக் கூடாது. நூலில் கட்டிய கோழி இறகை ஆட்ட வேண்டும். இறகு கட்டுவதற்காக எழுந்து உட்கார்ந்தாள். ரொட்டி பாதி சாப்பிட்டாள்.

செல்லாயி: "இன்னிக்கு ஒரு குடம் மிச்சங்க ஐயா!"

13, ஞாயிறு

பதுளைக் கோயில் ஆராதனைக்குப் போகவில்லை. மாலையில் காற்று அடங்கியது. ரோசம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு பின்கதவுப் படி வரை நடந்து வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பிள்ளைக்கு மனசுக்குள்ள ஒரு பேரு வெச்சிருந்தேங்க."

"என்ன பேரு?"

"எஸ்தர்."

நானும் ஒன்று வைத்திருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னேன்: கிருபை.

அவள் இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பார்த்தாள்.

"கிருபை எஸ்தர்."