பழுப்புத் தாளில் வரைந்த ஏறுதளம்

பெருமதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் மறைந்து ஓராண்டு கடந்தபின் எழுதும் இம்மடலின் தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன். இன்று காலை நம் மேம்பாலத்தின் புதிய ஏறுதளத்தில் நடந்து பார்த்தேன். ஈரம் காயாத தார் செருப்பில் ஒட்டி, அதன் வாடை வீடுவரை வந்துவிட்டது. இனியும் எழுதாதிருக்க இயலவில்லை.

நம் தெருவிலிருந்து மேம்பாலத்தில் ஏற வழியின்றி, வண்டிகளெல்லாம் கீழே சிக்னலில் தேங்கிக் கிடந்த காலம் அது. ஏறுதளம் வேண்டி ஒன்பது பக்க மனு எழுதியவள் நான். எட்டாம் வகுப்போடு பள்ளி நின்றபின் அகராதியைத் துணைகொண்டு கற்ற தமிழ். 'சொல்லொணா இன்னலுக்கு ஆளாகி' என்னும் தொடருக்கே ஒரு மாலை செலவிட்டேன். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குத் தங்களை அழைத்துச் சென்றது, வரிசையில் பேச்சுத்துணைக்கு மட்டுமே.

பொறியாளர் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. "ஏனுங்கம்மா, ரேம்ப் எந்தப் பக்கமுங்க வரோணும்?"

நான் என் ஒன்பது பக்கங்களையும் புரட்டித் தேடினேன். தாங்களோ ஜாக்கெட் அளவு வெட்டும் பழுப்புத் தாளைப் பையிலிருந்து எடுத்து, தையல் சாக்கட்டியால் இரண்டு கோடு இழுத்தீர்கள்.

"ஜாக்கெட்டுக்குக் கை வெக்கற மாதிரிதானுங்க சார். நேரா வெச்சா இழுக்குமுங்க. மில்லுச் சுவத்தோரமா வளைச்சுக் கொண்டாந்து சேத்துனா, வண்டி திணறாம ஏறிப்போகுமுங்க."

"தச்சுக் குடுக்கறது நீங்களா?"

"துணி நீங்க குடுங்க, தச்சுப்போடலாமுங்க."

கூடமே சிரித்தது. தங்கள் தாள் அவருடைய சட்டைப்பைக்குப் போயிற்று. என் மனு கட்டோடு கட்டாயிற்று. வெளியே வந்ததும், "உன்ற எழுத்தப் பாத்துத்தான் அம்மணி நம்மள நிக்கவே உட்டாங்க" என்றீர்கள். அந்த ஆறுதலைத்தான் என்னால் இன்றளவும் பொறுக்க முடியவில்லை.

ஏறுதளம் மில் சுவரோரமாகவே வளைந்திருக்கிறது. ஆட்டோக்காரர்கள் இப்போதே 'டைலரக்கா ரேம்ப்' என்கிறார்கள். மறைந்தவர் மீது பொறாமை கொள்ளலாகாது என்பர், நான் கொண்டிருக்கிறேன்.

நாளை மறுநாள் திறப்பு விழா. நன்றியுரையை எழுதும் பொறுப்பு என்னுடையது. 'இதற்கு வழிகாட்டியவர்' என்னும் இடத்தில் மூன்று முறை என் பெயரை எழுதினேன். ஏறுதளம் கேட்டு எழுதியவள் நானே என்பதில் பொய்யில்லை. ஆனால், எங்கே எப்படி வளைய வேண்டுமென்று என் ஒன்பது பக்கங்களில் ஒரு வரியும் இல்லை. அடித்துவிட்டுத் தங்கள் பெயரை எழுதியிருக்கிறேன். பொறாமை தீரவில்லை, அது என்னிடமே இருக்கட்டும்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் கேட்டறியாமல் விட்டேன்: தங்கள் பெயருக்கு முன் தந்தையாரின் முதலெழுத்தை இடுவதா, கணவருடையதையா? விரைந்து பதில் எழுதுக.