ஆணி அடித்த இரண்டு ஷில்லிங்

3 மார்ச் 1987, செவ்வாய்

காற்று. வீடெல்லாம் செம்மண். கதவிடுக்கில் துணி செருகினேன். மத்தியானம் இறைச்சி வைத்துச் சுட்ட பாஸ்டி, பாதியை நாளைக்கு வைத்திருக்கிறேன்.

நூலகத்தில் எனக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் வெஸ்னா, தினமும் ஏதாவது எழுதச் சொல்லியிருக்கிறாள். "மனசுல இருக்கறத எழுதுங்க வில்ஃப், நான் பாக்க மாட்டேன்" என்றாள். பார்க்காவிட்டால் தப்பை யார் திருத்துவது?

மேலே உள்ளதை எழுதி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிட்டது. ஆறட்டும். எழுதினது நான்.

5 மார்ச்

காசுகளை மேசையில் பரப்பினேன். எல்லாம் கள்ளக்காசு. ஒரு காலத்தில் இந்த ப்ரோக்கன் ஹில் சுரங்க ஊரில் ரொட்டிக்கும் பீருக்கும் கைமாறியவை. இத்தனை வருஷமாகக் கட்டைவிரலால்தான் அவற்றைத் தெரியும். ஈயம் கலந்தது சோப்பு மாதிரி வழுக்கும். கீழே போட்டால் வெள்ளி பாடும், இது 'தொப்' என்று உட்காரும்.

இன்றைக்கு முதல்முறையாகப் படித்தேன். ராஜாவின் தலையைச் சுற்றி ஜார்ஜ் என்று இருக்கிறது. அதற்கப்புறம் ஒன்றும் புரியவில்லை. படித்ததெல்லாம் மறந்துபோயிற்றோ என்று பயந்து, ஒரு காசை எடுத்துக்கொண்டு நூலகத்துக்கு ஓடினேன்.

"அது லத்தீன். எனக்கே தெரியாது" என்றாள் வெஸ்னா.

வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். இதை வார்த்தவனுக்கும் தெரிந்திருக்காது.

6 மார்ச்

நெவ் வந்தான். பழைய சாமான் கடைக்காரன். காசு கிடைத்தால் எனக்குக் கொண்டுவருவான், ஏசாமல் தரமாட்டான்.

"ஊரே நல்ல காசு குடுத்து நல்ல சாமான் வாங்குது. நீ ஒருத்தன்தான்யா நல்ல காசு குடுத்துக் கெட்ட காசு வாங்குற."

"ஓட்டை இருக்கா இதுல?"

"இல்ல. எப்பப் பாரு இதே கேள்வி. ஓட்டைக் காசுல அப்படி என்னய்யா இருக்கு?"

காசுக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

10 மார்ச்

நெவ்விடம் சொல்லாததை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

1934. சுரங்கத்தில் இரண்டாம் ஷிப்டு முடிந்து புகையிலை வாங்கப் போனேன். மளிகைக்கடையில் தெல்மா நின்றாள், கடைக்காரரின் அக்கா மகள். நான் கொடுத்த இரண்டு ஷில்லிங்கைப் பளிங்குக் கல்லில் போட்டாள். தொப். எனக்குக் காது சூடாகிவிட்டது. காசு சுண்டிச் சூதாடும் டூ-அப் ஆட்டத்தில் யாரோ ஒருவன் என் தலையில் கட்டியிருந்தான்.

மாமா உள்ளேயிருந்து சுத்தியலோடு வந்தார். கள்ளக்காசு பிடிபட்டால் திருப்பித் தருகிற வழக்கம் இல்லை. எல்லாருக்கும் தெரிகிற மாதிரி கடை மேசையிலேயே ஆணி வைத்து அறைந்துவிடுவார்கள். ராஜாவின் காதோரம் ஆணி இறங்கியது.

தெல்மா குனிந்து பார்த்தாள். ராஜாவின் கன்னத்தில், தாடிக்கு மேலே, ஒரு சின்னக் கோடு புடைத்திருந்தது. வார்ப்பு அச்சில் விழுந்த கீறல். "தாடி வச்சிருக்காரு. அப்புறம் எங்க சவரம் பண்ணி வெட்டிக்கிட்டாரு?" என்றாள். நான் சிரித்ததைப் பார்த்துவிட்டு, "காசு இங்கதான் இருக்கும். பாக்கணும்னா வந்து பாத்துக்கோ" என்றாள்.

தினமும் போய்ப் பார்த்தேன்.

11 மார்ச்

நேற்று கை வலித்து நிறுத்திவிட்டேன்.

இரண்டு வருஷத்தில் கடை நொடித்தது. அவர்கள் போர்ட் பிரீக்குக் குடிபெயர்ந்தார்கள். இங்கே தோண்டுகிற ஈயம் உருகப் போகிற ஊர். சாமான் ஏற்றிய லாரியில் தெல்மா உட்கார்ந்திருந்தாள். என்னைக் கட்டிக்கொள்வாயா என்று கேட்கத்தான் போயிருந்தேன். கேட்டிருந்தால் சரி என்றிருப்பாள். அப்புறம் தேவாலயம், பாதிரியார், பதிவுப் புத்தகம். அவள் பெயர் எழுதுவாள். பக்கத்தில் நான் கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி போடவேண்டும். அவள் கண் முன்னால்.

"டயர்ல காத்து கம்மியா இருக்கு" என்றேன்.

லாரி போய்விட்டது.

அதே அச்சில் வார்த்த காசுகள் நிறையச் சேர்ந்துவிட்டன. எல்லாவற்றிலும் அந்தக் கன்னத்துக் கீறல் உண்டு. ஆணி ஓட்டை மட்டும் எதிலும் இல்லை.

2 ஏப்ரல்

பத்திரிகையில் பண்ணை ஏல விளம்பரங்களை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தேன். ஹாலோரன் ஆட்டுப் பண்ணை, 11ஆம் தேதி. கலப்பை. தண்ணீர்த் தொட்டி. "கடை மேசை, நீளமானது, தேவதாரு, ப்ரோக்கன் ஹில் மளிகையிலிருந்து வந்தது."

திரும்பப் படித்தேன். விரலை வைத்துப் படித்தேன். படிக்கத் தெரியாமல் இருந்திருந்தால் இந்தத் தாளில் மீனைச் சுற்றியிருப்பேன்.

10 ஏப்ரல்

சட்டைக்கு இஸ்திரி போட்டேன். ஒரு மேசையைப் பார்க்கப் போவதற்கு.

11 ஏப்ரல், சனி

நெவ் வண்டியில் கூட்டிப்போனான். புல்வெளியில் சாமான்களை வரிசையாக வைத்திருந்தார்கள். ஊர்ப் பெண்கள் தேநீரும் ஸ்கோன் பன்னும் விற்றார்கள். ஏலக்காரர் தொடங்குவதற்கு முன்பே மேசையைக் கண்டுபிடித்துவிட்டேன். மேலே பெயிண்ட் டப்பாக்கள், கம்பளி வெட்டும் கத்திரிகள். ஒவ்வொன்றாக நகர்த்தினேன்.

ஒரு ஆணித் துளை. அதைச் சுற்றி வெளுத்த ஒரு வட்டம். காசு இல்லை.

திருமதி ஹாலோரன் பின்னாலேயே வந்தார். "அந்தக் கள்ளக்காசா பெரியவரே? அது போயி நாலஞ்சு வருஷம் இருக்கும். போர்ட் பிரீலேர்ந்து ஒரு அம்மா வந்து கேட்டாங்க, இந்த மேசையை வித்தது அவங்க மாமாதானாம். எங்க வீட்டுக்காரர் ஆட்டுக் குளம்பு வெட்டுற கத்தியால ஆணியோட நெம்பிக் குடுத்தாரு. தெல்மா கிட்னு பேரு. இப்பவும் கிறிஸ்துமஸுக்கு கேக் அனுப்புறாங்க."

மேசையை யாரோ பட்டறைக்கு வாங்கிப் போனார்கள். நான் கை தூக்கவில்லை. வழியெல்லாம் நெவ் ஏசவே இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

12 ஏப்ரல்

வந்திருக்கா. இந்த ஊர் வழியாத்தானே பண்ணைக்குப் போயிருப்பா? நான் இருக்கேனான்னு யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமே. காசை மட்டும்தான் தேடினாளா?

13 ஏப்ரல்

காசுகளையெல்லாம் டப்பாவில் போட்டு மூடினேன்.

27 ஏப்ரல்

வெஸ்னாவிடம் தெல்மாவைப் பற்றிச் சொன்னேன். தொலைபேசிப் புத்தகத்தைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தாள். "நீங்களே தேடுங்க." போர்ட் பிரீ. கிட். இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தர் பெயர் 'தெ'வில் தொடங்கியது.

தொலைபேசியில் என்ன பேசுவது? டயரைப் பற்றியா?

5 மே, போர்ட் பிரீ

கதவைத் திறந்தாள். தலை முழுக்க வெள்ளை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பார்வை மங்கல் போலிருக்கிறது. பேருந்தில் ஐந்து மணி நேரம் வார்த்தைகளைத் தயார் பண்ணியிருந்தேன். பையிலிருந்து கன்னத்துக் கீறல் காசு ஒன்றை எடுத்து அவள் வாசல் சிமெண்டில் போட்டேன்.

தொப்.

"சத்தமே சரியில்லையே" என்றாள். அப்புறம், "வில்ஃப் டிரெஸைஸ். இப்பவாவது ரயில்லயோ பஸ்லயோ வந்தியே. டயருக்குக் காத்து அடிச்சு முடிச்சிட்டியா?"

ஆணிக் காசு சமையலறை ஜன்னலில் ஒரு நூலில் தொங்குகிறது. கணவர் இறந்த வருஷம் போய் வாங்கிவந்தாளாம். ப்ரோக்கன் ஹில் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி என்னைப் பற்றி விசாரித்தாளாம். டிரெஸைஸா, சுரங்கம் சரிந்து செத்துவிட்டானே என்று சொன்னார்களாம். அது என் தம்பி.

அன்றைக்கு ஏன் கேட்கவில்லை என்று சொன்னேன். பதிவுப் புத்தகம், பெருக்கல் குறி, எல்லாம். வாய்விட்டுச் சிரித்தாள்.

"கையெழுத்துக்கா? அட மடையா. புகையிலை டப்பால படம் மாத்தின வாரம், நீ பூட் பாலிஷைக் காட்டிப் புகையிலை கேட்டே. பேசாம சரியான டப்பாவை எடுத்துக் குடுத்தது யாரு? அன்னிக்கே தெரியும் எனக்கு. தெரிஞ்சுதான் லாரியில உக்காந்து காத்துக்கிட்டிருந்தேன்."

தேநீர் போட எழுந்தாள்.

கிளம்பும்போது காசைக் கேட்டேன். விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன், பல வருஷமாக இதைத்தான் தேடுகிறேன் என்றேன். அவள் ஜன்னலுக்குப் போய் விரலால் ராஜாவின் கன்னத்தைத் தடவினாள்.

"தரமாட்டேன். இது இங்கதான் இருக்கும். பாக்கணும்னா வந்து பாத்துக்கோ."

1 செப்டம்பர், செவ்வாய்

காலையில் நெவ் கதவைத் தட்டினான். ஒரு டப்பா நிறையக் கள்ளக்காசு வந்திருக்கிறதாம், ஒன்றில் ஓட்டைகூட இருக்கிறதாம். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். என் சட்டையை மேலும் கீழும் பார்த்தான். "இஸ்திரி வேறயா. போய்யா, போ" என்றான்.

பேருந்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நான் இப்போதே கிளம்புகிறேன்.