நீலப் பரல்

ஓகஸ்ட் 11, திங்கள்

கச்சான் காற்று. வெயில் நெருப்பு. கொடியில் போட்ட பிள்ளையின் துணியெல்லாம் மணல்.

மகளின் வாய்ப்புண் குறையவில்லை. போத்தல் பாலில் வாய் வைப்பாள், உடனே வீரிட்டு அழுவாள். பத்து மாதம். எங்கே எரிகிறது என்று சொல்லவா போகிறாள்.

கிராம அலுவலர், எங்கள் விதானையார், வள்ளத்தில் வந்து அறிவித்துவிட்டுப் போனார். தீவுக் கிணறு நஞ்சாகிவிட்டதாம். வெளிக்கடலில் மூழ்கின கப்பலிலிருந்து மிதந்து வந்த பிளாஸ்டிக் பீப்பாய்ப் பரல்களில் இருந்தது ஏதோ இரசாயனமாம். குடிக்கவும் கூடாது, குளிக்கவும் கூடாது. புதன்கிழமை கடற்படைக் கப்பல் வரும். எல்லோரும் முல்லைத்தீவுக் கரைக்கு. இரண்டு கிழமைக்கு, பதினான்கு நாள்.

கிணறு தானாகவா கெட்டது? நல்ல மூடி உள்ள நீலப் பரல், காசில்லாமல் கரை ஒதுங்கினால் இந்தச் சனம் விடுமா. வீட்டுக்கு ஒன்று தூக்கி வந்து, பொதுக் கிணற்றடியில் சரித்து ஊற்றி, சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவினார்கள். ஊற்றியது எங்கே போகும்? அன்றே கேட்டேன்.

"படிச்ச எடுப்பு," என்றார் மாமி. "நீ கம்பஸில பரல் கழுவத்தானோ படிச்சனி?"

எங்கள் பரல் குசினி வாசலில், அடுப்புக்குப் பக்கத்தில். குடிதண்ணீர் அதில்தான். இன்றைக்கும்.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

கட்ட வேண்டியவை: பிள்ளையின் கிளினிக் கொப்பி, துணி, காய்ச்சல் மருந்துப் பாணி, பாய், என் பட்டச் சான்றிதழ் (எதற்கு?).

மாமி வரமாட்டாராம்.

"ரெண்டு கிழமையோ? சண்டை நேரமும் ரெண்டு நாள் எண்டுதான் வெளிக்கிடச் சொன்னவங்கள். திரும்பி வரேக்க கூரையுமில்லை, நிலையுமில்லை. எத்தினை வருசம் ரெண்டு நாள்?"

அவர் சொல்வது உண்மை. அதனாலேயே இன்னும் கோபம்.

பின்னேரம் மனம் மாறினார். வருவாராம், ஆனால் கூரைத் தகரத்தோடு. தாய் சொன்னதும் என் வீட்டுக்காரர், இவர், ஏணி வைத்து ஏறிவிட்டார். உள்ளே பிள்ளைக்கு அனல் பறக்கிற காய்ச்சல், தலைக்கு மேல் டங், டங். பக்கத்து வீட்டுக் கூரைகளிலும் அதே சத்தம்.

"உங்களுக்குத் தகரம் முக்கியமோ, பிள்ளை முக்கியமோ?"

"ரெண்டுந்தான்." வாயில் ஆணியை வைத்துக்கொண்டு.

ஏணியைத் தட்டிவிடலாம் போல இருந்தது.

ஓகஸ்ட் 13, புதன்

சாம்பல் நிறக் கப்பல். தூரத்தில் நின்றது. கரைக்குத் தட்டையான படகு ஒன்று வந்தது. அவர்களுக்குக் கையுறை, முகமூடி, சப்பாத்து. எங்களுக்கு வெறுங்கால்.

"ஒரு ஆள், ஒரு பேக்," என்றான் கடற்படைக்காரன். "தகரம் ஏலாது."

"தகரம் ஏறாட்டி நாங்களும் ஏறமாட்டம்." மாமிதான். தகர அடுக்கின் மேல் ஏறி இருந்தார். மற்றப் பெண்களும் தங்கள் தங்கள் தகரத்தில். முட்டையே பொரிக்கலாம், அவ்வளவு சூடு. ஒருத்தியும் அசையவில்லை.

பிள்ளை அழக்கூட மாட்டாமல் கிடந்தாள். கடற்படைக்காரன் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை நீட்டினான். வாங்கினேன். நன்றி சொல்லவில்லை. அந்தச் சீருடைக்கு என் வாய் திறக்காது.

"அவன் குடுக்கிற தண்ணியை வாங்கிறாள், பாருங்கோ!"

"உங்கட பரல் தண்ணியைவிட இது திறம், மாமி."

கலியாணம் கட்டி வந்து முதல் தடவையாக ஊர் முன்னால் எதிர்த்துப் பேச்சு. எழும்பி நடந்தேன். இவர் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் ஒருத்தி: "போறா பார் மகாராணி. கப்பல் அவாவுக்கெண்டே வந்தது."

முதல் ஆளாக நான்தான் ஏறினேன். தீவைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன். பார்த்தேன். கூரையில்லாத வீடுகள், பல்லுப்போன வாய் மாதிரி.

பிறகு ஒவ்வொருவராக ஏறினார்கள். தகரத்தை அவரவர் வள்ளத்தில் கொண்டுவரலாம் என்று கடற்படைப் பெரியவன் இறங்கி வந்தானாம். இவரும் மாமியும் எங்கள் வள்ளத்தில். கப்பலில் என் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை.

ஓகஸ்ட் 14, வியாழன்

பள்ளிக்கூட மண்டபம். வாங்குகளை ஒதுக்கிப் பாய் விரித்திருக்கிறோம். வேர்வை, மீன், டெற்றோல் எல்லாம் சேர்ந்த மணம்.

டொக்டர் பிள்ளையின் வாயைப் பார்த்தார். "அந்தத் தண்ணி ஒரு சொட்டும் உள்ள போகக் கூடாது. நிப்பாட்டினா மாறும்."

மாறும். மாறும். மாறும்.

எனக்குப் பட்டப்பெயர் வைத்தாகிவிட்டது: கப்பல்காரி. கக்கூஸ் வரிசையில் என் காது கேட்கவே சொல்கிறார்கள். சொல்லட்டும்.

இன்று இரண்டு தரம் பால் குடித்தாள். அழவில்லை.

ஓகஸ்ட் 15, வெள்ளி

விடியத் தண்ணீர் பவுசர் லொறி வந்து போயிருந்தது. பிள்ளை நித்திரை. முகம் கழுவ வெளியே வந்தேன். மண்டப வாசலில் வரிசை. முன்னால் நீலப் பரல்.

எங்களுடையது. அடுப்புக் கொள்ளி பட்டு உருகின அடையாளம், மூடிக்குக் கீழே. தகரத்துக்கு அடியில் வைத்து வள்ளத்தில் ஏற்றி வந்திருக்கிறார் மாமி. பவுசர் தண்ணீர் முழுவதையும் அதற்குள் விட்டிருக்கிறார்கள். பக்கத்தில் கதிரை போட்டு மாமி. கையில் கோப்பை.

"வாங்கோ, வாங்கோ. வடிவாக் கழுவின பரல்."

என்னைக் கண்டதும் பிள்ளையின் சூப்பிப் போத்தலைத் தூக்கிக் காட்டினார். "உன்ர மகளுக்கும் நிரப்பி வைச்சிருக்கிறன். முறைக்காதை."

போத்தலைப் பறித்து நிலத்தில் ஊற்றினேன். "ஒருத்தரும் குடிக்காதேங்கோ" என்று கத்தினேன். "கப்பல்காரி தொடங்கீற்றா," என்று யாரோ சிரிக்க, வரிசை ஓரடி முன்னால் நகர்ந்தது.

தகர அடுக்கில் இவருடைய அலவாங்கு, கூர் இரும்புக் கம்பி, சாய்த்திருந்தது. எடுத்தேன். பரலின் அடிப்பக்கம் பார்த்து ஒரு குத்து. இறங்கவில்லை. இரண்டாவது இறங்கியது. தண்ணீர் மாமியின் காலடியில்.

"ஐயோ, நாசமாப் போவாள், பரலை உடைச்சுப்போட்டாள்!"

இவர் ஓடி வந்தார்.

"என்னடி செய்தனி?"

"கழுவினனான்."

ஓட்டை சின்னது. இன்னும் ஒன்று குத்தினேன்.