நூற்றுப் பதினெட்டாம் எண் வீட்டில் இருப்பவரை மேட்டுக்கு மாற்றக் கோரி

கெளுத்தி, என் கெளுத்தி, கொஞ்சம் பொறு. உன் விஷயமாகத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அனுப்புநர்:
எர்லிந்தா முராயாரி,
(காலஞ்சென்ற லிசார்தோ தப்புயிமாவின் மனைவி)
வாழைத்துறை, கீழ்க்கரை,
சான்ட்டா ரூஃபினா.

பெறுநர்:
உயர்திரு மேயர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்,
மாகாணத் தலைநகர் சான்ட்டா ரூஃபினா.

பொருள்: ஆற்றங்கரை அபாயப் பகுதியில் தங்கள் ஆட்கள் 118 என்று எண் போட்ட கூரையின் கீழ் இருப்பவரை, கரை இடியும் முன் மேட்டு நிலத்துக்கு மாற்றித் தருமாறு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாளின் தலைப்பில் எழுதியிருப்பது என் கணவருக்கு. மீசை கெளுத்தி மீனுக்குப் போல இரண்டு பக்கமும் நாலு நாலு முடியாகத் தொங்கும், அதனால் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். மனு எழுதும் முறையைச் சொல்லித் தந்த பக்கத்து வீட்டு ஆசிரியை, அந்த வரியை அடித்துவிடச் சொன்னார். எனக்கு அடிக்க மனம் வரவில்லை. அதை விட்டுவிட்டு அதற்குக் கீழே உள்ளதைத் தாங்கள் படிக்க வேண்டுகிறேன்.

1. என் கணவர் நம் துறைமுகத்தில் வாழைக்குலை இறக்கும் சுமைதொழிலாளி. சென்ற மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு இறந்தார். அதில் யார்மீதும் குறை சொல்ல நான் வரவில்லை. கீழ்க்கரைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். நம் ஊர் மழை எப்படிப்பட்டது என்று தங்களுக்குத் தெரியும். செத்தவர்களை நனைய விடுவது இங்கே வழக்கமில்லை. எல்லாரையும் போல நானும் கல்லறைக்கு மேலே நாலு கம்பு நட்டு, இரண்டு பக்கமும் சரிவாகத் தகரம் போட்டேன். தகரம் புதிதாக வாங்கவில்லை. என் அடுப்படிக்கு மேலே இருந்ததைக் கழற்றிக்கொண்டு போனேன். அடுப்படிக்கு இப்போது ஓலைதான். பெரிய மழை வந்தால் அடுப்பு அணைந்துபோகும். அது என் பாடு.

2. மார்ச் மாதம் ஆறு ஏறி நின்றபோது, கரையோரத்து வீடுகளுக்கு எண் போட அலுவலகப் படகு வந்தது. அந்த நேரம் கல்லறை மேடுகளும் சிலுவைகளும் தண்ணீருக்குள். தகரக் கூரைகள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. ஆற்று நடுவிலிருந்து பார்ப்பவருக்கு அது முழுகிய வீடுகளின் வரிசை மாதிரிதான் இருக்கும். கடலோரத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த இளைஞர் ஒருவர் படகில் நின்றபடியே ஒவ்வொரு கூரையின் விளிம்பிலும் சிவப்புச் சாயம் அடித்துக்கொண்டே போனார். என் கணவரின் தம்பி ஜில்மர் தெப்பத்தில் இருந்து அதைப் பார்த்திருக்கிறார்.

"சார், அங்க யாரும் இல்ல சார்!" என்று கத்தியிருக்கிறார்.

"ஆள் இல்லேன்னா என்னய்யா, கூரை இருக்குல்ல? கூரைக்கு ஒரு நம்பர், அவ்ளோதான்!" என்று அந்த இளைஞர் பதில் கத்திவிட்டு அடுத்த கூரைக்குப் போய்விட்டார்.

ஐயா, கூரைக்கு ஓர் எண் என்பது தங்கள் ஆள் வாயால் வந்த விதி. நான் உண்டாக்கியது அல்ல.

3. தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் ஏப்ரலில் நகராட்சியின் அறிவிப்பு ஒன்றைக் கல்லறைக் கம்பிலேயே ஒட்டியிருந்தார்கள். மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. எண் 118-இல் வசிப்பவர் கரை இடியும் அபாயம் காரணமாக உடனே வெளியேற வேண்டும், படகும் ஆட்களும் நகராட்சியே அனுப்பும், மேட்டுச்சாலையில் மாற்று மனை தரப்படும் என்று அதில் எழுதியிருந்தது. அடியில் தங்கள் முத்திரை. ஒட்டியவர் சிலுவையைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. எண் இருக்கிறது, ஒட்டச் சொன்னார்கள், ஒட்டினார் என்றுதான் நினைக்கிறேன்.

ஜில்மர் ஓடி வந்து, "அண்ணி, அண்ணனுக்குக் கடுதாசி வந்திருக்கு! வீட்டைக் காலி பண்ணணுமாம்!" என்று சொன்னார். என் கணவர் இறந்த பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்து முடித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. அறிவிப்பில் இருப்பது தப்பில்லையே? கரை இடியத்தானே போகிறது? அவரை அங்கிருந்து எடுக்கத்தானே வேண்டும்?

4. அறிவிப்பை எடுத்துக்கொண்டு தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். பொய் சொல்ல வரவில்லை. வரிசையில் நின்று என் முறை வந்ததும், 118-இல் இருப்பவர் என் கணவர், அவர் கல்லறையில் இருக்கிறார், ஆளும் படகும் எப்போது வரும் என்று கேட்டேன். ஜன்னலில் இருந்த அம்மா உள்ளே திரும்பி, "சார், நூத்திப் பதினெட்டு நேர்ல வர முடியாதாம், படுத்திருக்காராம்!" என்று சொன்னதும் வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். என் கணவர் அங்கே நின்றிருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

பிறகு பொறியாளர் வெளியே வந்தார். மரியாதையாகத்தான் பேசினார், அதைச் சொல்லிவிட வேண்டும்.

"ஏம்மா, இது எங்க ஆளுங்க பண்ணின தப்பு. நம்பரை அடிச்சிடறோம். செத்தவருக்கு எதுக்கும்மா மனை?"

"மனை வேணாம் சார். படகும் ரெண்டு ஆளும் குடுங்க. வெளியேறச் சொன்னது நீங்கதானே? அவராலே எழுந்து நடக்க முடியாது."

"கல்லறை எங்க பிரிவுல வராதும்மா. வீடுதான் வரும்."

"அன்னிக்கு வீடா தெரிஞ்சுது, இன்னிக்குக் கல்லறையா போச்சா?"

அவர் பதிவேட்டைத் திறந்தார். என் கண் முன்னாலேயே 118 மேல் கோடு போட்டார். ஐயா, என் கணவர் இறந்த அன்றுகூட யாரும் அவரை அப்படிக் கோடு போட்டு அடிக்கவில்லை.

5. கல்லறைகளைப் பார்க்கும் வேறு பிரிவுக்குப் போனேன். புதைத்தவரை இத்தனை சீக்கிரம் எடுக்க விதி இல்லை, விதிப்படி வருடங்கள் ஆகட்டும், பிறகு வா என்றார்கள். "வருஷம் ஆகறவரைக்கும் கரை நிக்குமாய்யா?" என்று கேட்டேன். "அதுக்கு நாங்க என்னம்மா பண்ண? கரை வேற பிரிவு" என்றார்கள். கரையைப் பார்க்கும் பிரிவு எது என்று விசாரித்தால், 118 மேல் கோடு போட்ட அதே பொறியாளர்தான்.

6. கரையின் நிலை. ஆறு ஏறும்போது கீழ்க்கரை நிற்கும், இறங்கும்போதுதான் விழும். இப்போது இறங்குகிறது. எண்கள் ஆற்றோட்டத்தின் வரிசைப்படி போட்டவை. 115 பாம்பு நெளிந்த மாதிரி வெடித்துக் கிடந்து ஒரு மழையில் போனது. 116 போனபோது யாரும் பார்க்கவில்லை. காலையில் வந்தால் வெறும் ஆறு. 117-இல் இருந்தவர் என் ஞானத்தாய். கல்யாணத்தில் என் தலையில் பூ வைத்தவர் அவர்தான். நேற்றுக் காலை அவர் பெட்டி கரையிலிருந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மீன்பிடிக்கிறவர்கள் கயிறு போட்டுப் பிடிக்கப் பார்த்தார்கள். கயிறு கிடைத்தது, பெட்டி கிடைக்கவில்லை. பெட்டி போன திசையில் துறைமுகம், அங்கே பெண்கள் துணி துவைக்கிற படிகள். அதைப் பற்றி மேலே எழுத என்னால் முடியவில்லை.

அடுத்த எண் 118. அவர் கல்லறையின் கால்மாட்டில் இப்போது என் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. ஒவ்வொரு முறை சரக்குக் கப்பல் கடந்து போய் அலை அடிக்கும்போதும் மண் விழுகிற சத்தம் கேட்கிறது. நான் பகலில் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். இலையில் கட்டிய சோற்றை அங்கேயே வைத்துச் சாப்பிடுகிறேன். கப்பல் வரும்போது கூரைக் கம்பைப் பிடித்துக்கொள்கிறேன், நான் பிடித்தால் நிற்கும் என்பது மாதிரி. பார்க்கிறவர்கள் என்னைப் பைத்தியம் என்கிறார்கள். என் அளவில், அவரை ஒருமுறை மண்ணில் விட்டேன்; தண்ணீரில் இன்னொரு முறை விட என்னால் ஆகாது. இதுதான் என் முழுக் குறையும்.

7. இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது வந்து தங்களிடம் சொல்லும் முன். மீன் விற்கிற தெல்மிரா சந்தையில் எல்லார் முன்னாலும், "புருஷன் போயும் பொண்டாட்டிக்கு மனை சம்பாதிச்சுக் குடுக்குறான் பாருங்கடி, குடுத்து வெச்சவ!" என்று சொன்னாள். நான் பதிலுக்கு, "உன் புருஷன் உயிரோட இருந்தே ஒண்ணும் சம்பாதிக்கலியே, அந்த எரிச்சலா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் மனைக்காக நான் வரவில்லை. மேட்டுச்சாலை மனையில் எனக்கு ஓர் அடிகூட வேண்டாம். அவர் நீட்டிப் படுக்கிற அளவு இருந்தால் போதும், அதையும் அங்கே உள்ள புதிய கல்லறைத் தோட்டத்தில் கொடுத்தால் போதும்.

ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது:

118 என்ற எண்ணின் மேல் போட்ட கோட்டை நீக்கி, தாங்கள் முத்திரையிட்டு ஒட்டிய அறிவிப்பில் உள்ளபடியே, படகும் ஆட்களும் அனுப்பி அவரை மாற்றித் தர வேண்டும். அவரை அடுத்துள்ள 119, 120 எண்களில் இருப்பவர்களின் சொந்தக்காரர்கள் ஆற்றின் மேல்பக்கத்துக் கிராமங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சேதி போய்ச் சேரவில்லை. கேட்க ஆள் இல்லாத அவர்களுக்காகவும் சேர்த்து நானே கேட்கிறேன்.

அது முடியாதென்றால், வரும் ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும் நாங்களே தோண்டுவோம். நானும், ஜில்மரும், என் கணவரோடு குலை சுமந்த நாலு பேரும். மண்வெட்டிகள் இருக்கின்றன. ஒருவர் தன் பெக்கெ-பெக்கெ மோட்டார் படகைத் தருகிறேன் என்றிருக்கிறார். இதை மறைத்துச் செய்ய நான் விரும்பவில்லை, அதனால்தான் முன்கூட்டியே தங்களுக்கு எழுதுகிறேன். காவலர்களை அனுப்பித் தடுக்காமல் இருந்தால் போதும். சுகாதாரப் பிரிவிலிருந்து சுண்ணாம்போடு ஒருவர் வந்து நின்றால் இன்னும் நல்லது. அவர் சொல்கிறபடி நாங்கள் நடந்துகொள்வோம். விதியை மீறியதற்குத் தண்டனை உண்டென்றால் அது எனக்கு மட்டும் வரட்டும். மற்றவர்களுக்குக் குழந்தைகள் இருக்கிறார்கள். ஆனால் என்னைப் பிடிப்பதாக இருந்தால், அவரை மேட்டில் வைத்து மண் தள்ளிய பிறகு வந்து பிடியுங்கள். நான் அங்கேயேதான் இருப்பேன்.

கரை ஞாயிறு வரை தாங்கும் என்று ஜில்மர் சொல்கிறார். என்னைத் தைரியப்படுத்தச் சொல்கிறாரோ என்று சந்தேகமாக இருக்கிறது. அதனால் அதற்கு முன்பே தாங்கள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால், பெரிய உபகாரமாக இருக்கும். நான் வீட்டில் இருக்கமாட்டேன். சேதி கொண்டுவருபவரை நேராகக் கல்லறைத் தோட்டத்துக்கே அனுப்புங்கள். சிவப்பு எண் போட்ட கூரை, இப்போது ஆற்றுக்கு மிக அருகில் நிற்பது அதுதான்.

தங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும்,

எர்லிந்தா முராயாரி
(கையொப்பம்)

இடம்: கீழ்க்கரை, சான்ட்டா ரூஃபினா
நாள்: 16 மே 2019, வியாழக்கிழமை

ஐயா, மேலே உள்ளது தங்களுக்கு. இனி உள்ள இடம் அவருக்கு.

லிசார்தோ, கால்மாட்டில் நின்று தோண்டினால் கரை எங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், தலைமாட்டிலிருந்துதான் தொடங்கணும் என்கிறான் உன் தம்பி. முதல் வெட்டு உன் முகத்துக்கு மேலே விழுவதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. நீ சொல்லு, எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கட்டும்?