முதலாளி போட்ட வாய்க்கரிசி

வெள்ளறடை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டிய என் செல்ல அண்ணனுக்கு,

உன் தங்கை பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கிறேன். முதன்முறையாக நம் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். என்னைத் தேர்ந்தெடுத்தது கட்சியல்ல, மணியன் முதலாளி. வயிறு எரிகிறதா? எனக்கும் எரிந்தது.

அவன் கள்ளச் சாராயத்துக்கு ஸ்பிரிட் கடத்துகிறவன் என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் கோயில் கமிட்டித் தலைவர் அவன்தான். பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், கல்யாணத்துக்குப் பந்தல், நோயாளிக்கு வண்டி எல்லாம் அவன் உபயம். எஸ்.ஐ.யின் குழந்தைக்கு முதல் சோறு ஊட்டியதே அவன் மடியில் வைத்துத்தான். இரண்டு கட்சிக்காரர்களும் அவன் வராந்தாவில் காத்துக் கிடக்கிறார்கள்.

ரப்பர் தோட்டத்தில் அவன் ஆட்கள் ஸ்பிரிட் கேன்களை இறக்கியதைப் பார்த்து நீ எக்சைஸ் ஆபீசில் சொன்னாய். மூன்றாம் நாள் ஆசுபத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டாய். "மணியனுக்க ஜீப்பாக்கும் மக்கா. இடிச்சிட்டு, திரும்ப வந்து இன்னும் ஒருக்கா ஏத்தினான். நீ சொல்லணும்." அதுதான் உன் கடைசிப் பேச்சு.

நான் சொன்னேனா? பயந்து செத்தேன். உன்னை வீட்டில் கிடத்தியிருந்தபோது, "எலே, வழி விடுங்கல, முதலாளி வாறாரு" என்று கூட்டம் விலகியது. சொந்தக்காரர்கள் மட்டும் போடும் வாய்க்கரிசியை, ஒன்றும் அறியாத அம்மா அள்ளி அவன் கையில் கொடுத்தாள். "நீங்களும் எனக்க மகனாக்கும்" என்று அழுதாள். கொன்றவன் உன் வாயில் அரிசி போட்டான். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜீப் உன்மேல் ஏறியதைப் பார்த்தவர்கள் ஊரில் இரண்டு பேர் இருந்தார்கள்; அவர்களும் அன்றோடு வாயை மூடிக்கொண்டார்கள். பெற்றவளே மகன் என்று சொன்னவனுக்கு எதிராக யார் பேசுவார்கள்? என்னை மன்னிப்பாயா, அண்ணா?

போன வாரம் அவன் வீட்டுக்கு வந்தான். "மக்கா, நீ நின்னா போரும். அண்ணனுக்க பேரச் சொல்லி நாலு வார்த்த பேசு. ஜெயிக்கியது எனக்க காரியமாக்கும்" என்றான். சரியென்று தலையாட்டினேன்.

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. அரிசி அள்ளிய கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகு, "கூட்டத்துக்கு நானும் வாறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை குன்னத்துகால் சந்தியில் எனக்கான தேர்தல் கூட்டம். மேடை அவனுடையது, மைக்கும் அவனுடையது. நடு நாற்காலியில் மாலையோடு உட்கார்ந்திருப்பான். அவன் சொன்னபடியே உன் பெயரைச் சொல்லித் தொடங்குவேன். அடுத்து அவன் பெயரைச் சொல்வேன், உன்னை எப்படிக் கொன்றான் என்பதையும் சொல்வேன். மைக்கைப் பிடுங்கினால் தொண்டை கிழியக் கத்துவேன். அதன் பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். அவனைக் கொலைகாரன் என்று அழைத்த குரலை இந்த ஊர் கேட்டிருக்கும். இது உன்மேல் சத்தியம்.

சொல்லத் தாமதித்துவிட்ட உன் தங்கை,
சுமதி