எல்லாரும் ஆமென் சொன்னார்கள்

2007 நவம்பர், புதன் இரவு. எளாவூர்.

இன்று எங்கள் வீட்டில் வேதப்பாடம். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பதைப் பற்றிப் படித்தோம். முடிவில் ஜெபம் பண்ணுவது என் முறை. முக்காடு போட்டுக் கண்ணை மூடி, ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி வந்தேன். எதிர்வீட்டு விஜயாவின் பெயர் வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஆண்டவரே, அவள் மார்பில் இருக்கிற கட்டியைத் தொட்டுக் குணமாக்கும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

எல்லாரும் ஆமென் சொன்னார்கள்.

கண்ணைத் திறந்த பிறகுதான் உறைத்தது. விஜயாவின் பக்கத்தில் அவள் மாமியார் உட்கார்ந்திருந்தார்.

போன வாரம் கம்பெனி பஸ்ஸில் விஜயா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "ஊட்ல யாருக்கும் தெரியாதுக்கா. ஆஸ்பத்திரில காட்டிட்டு நானே சொல்லிக்கிறேன். நீ மட்டும் ஜெபம் பண்ணிக்கினு இரு."

அதைத்தானே செய்தேன்.

செருப்பு மாட்டும்போது அந்த அம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டார். "இன்னாம்மா கட்டி? எனுக்கு ஒண்ணும் தெரியாதே." விஜயா என்னைப் பார்க்காமலே படியிறங்கிப் போனாள்.

எதிர்வீட்டில் இன்னும் விளக்கு எரிகிறது. அழுகிறாளா, திட்டு வாங்குகிறாளா, செக்போஸ்ட் லாரிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. போய் மன்னிப்புக் கேள் என்று உள்ளே ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறது. நான் போகவில்லை. அதற்குப் பதிலாக முழங்கால் போட்டேன். அவள் பெயரை எடுக்க வாய் வரவில்லை. கண்ணை மூடினால் அந்த ஆமென் கேட்கிறது. அதில் அவள் குரல் இல்லை.