நான் வாசிக்காத பெயர்

மைசூர், 1996. ஞாயிறு இரவு.

கோபம் இன்னும் அடங்கவில்லை.

தூண்டில் போட்டியில் எங்கள் அணி இரண்டாவதாக வந்ததற்கு இன்று கிளப்பில் பாராட்டு விழா. நன்றியுரை என் பொறுப்பு. ஆதரவு தந்தவர்களின் பெயர்களை நேற்றே எழுதி வைத்திருந்தேன். முதல் பெயர், எங்கள் பக்கத்து வீட்டு நர்ஸ் ஸ்டெல்லா அக்கா. மீனை ஏமாற்றத் தூண்டிலில் நாங்கள் மாட்டிய போலிப் பூச்சிகள் அத்தனையும் கோழி இறகையும் பட்டு நூலையும் வைத்து அவர் கட்டிக் கொடுத்தவை. போட்டி அன்று லீவு போட்டுவிட்டு வந்து, காவிரிக் கரையில் கொட்டும் மழையில் நின்று எங்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவரும் அவர்தான்.

மேடையேறும் முன் கேப்டன் என் தாளை வாங்கி அந்தப் பெயரை அடித்தார். "பூச்சி கட்டினது வேற ஆளுன்னு தெரிஞ்சா நம்ம மானம் போயிடும். இது பேடப்பா, வேண்டாம் விடு," என்றார்.

அந்த ஆளை அங்கேயே நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு மேடையேறினேன். தொப்பி கொடுத்த கடைக்காரருக்கும், மழைக்குப் பயந்து ஆற்றுப் பக்கமே வராத கிளப் தலைவருக்கும் நன்றி சொன்னேன். மூன்றாவது வரிசையில் அக்கா கைதட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில், "நல்லாப் பேசுன தம்பி. ஏன் குரல் கம்மிப்போச்சு, சளியா?" என்று கேட்டார்.

"ஆமாக்கா," என்றேன்.

கேப்டனைத் திட்டித் தீர்க்கத்தான் இந்த நோட்டை எடுத்தேன். ஆனால் மைக் என் கையில்தானே இருந்தது.